காருக்கு வைத்த உப்பு

ஆர்தருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆபிரகாமுக்கு அதுதான் முதல் எரிச்சல். கிளட்ச் எது, பிரேக் எது என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்கிற மனுஷன் வீட்டு வாசலில், பூனா முழுக்கத் தேடினாலும் நாலைந்துக்கு மேல் கிடைக்காத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நின்றால், கார் தெரிந்தவன் வயிறு எரியுமா எரியாதா? எரிந்தது. அதிலும் அந்த ஆர்தர் சொந்தத் தங்கை மேவிஸின் புருஷன். வாரம் தவறாமல் முகத்தில் விழித்தாக வேண்டும்.

கார் பச்சை நிறம். இரண்டே சீட். மேலே கித்தான் கூரை. மடக்கினால் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். பூனா கேம்ப் பகுதியில் பெரிய பங்களாவில் தனியாக இருந்த ஜால் சேட் என்ற பார்சிக் கிழவர் 1961இல் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்தது. கிழவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கண் மங்கி அவர் ஓட்டுவதை நிறுத்தின பிறகும் அந்தக் கார் சாவி போட்டால் ஒரே உறுமலில் கிளம்பியது என்றால், அது ஆபிரகாமின் கைவேலை. ஆபிரகாம் கிர்க்கியில் ராணுவ வண்டிப் பட்டறையில் ஃபோர்மன். வாரம் முழுக்க லாரி. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் இந்தப் பச்சைக் கார். பதினோரு வருஷம் இப்படி.

குளிர்தேசத்துக் காரை நம் வெயிலிலும் மழையிலும் வைத்துக் காப்பாற்றுவது மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில் வைத்துக் காப்பாற்றுகிற மாதிரி. ஏப்ரல் மாதம் பெட்ரோல் இன்ஜினுக்குப் போய்ச் சேருமுன் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கார் நடுத்தெருவில் நின்றுவிடும். ரேடியேட்டர் கஞ்சிப் பானை போலப் பொங்கும். சீட்டுத் தோல் வெடிக்கும். ஜூன் பிறந்தால் எல்லாம் தலைகீழ். தோலில் பூஞ்சை, ஒயரில் பச்சைக் களிம்பு, கித்தான் தையல் வழியாக ஒழுகல். ஒழுகின தண்ணீர் போய்ச் சேருகிற இடம் காலடியில் விரித்த கம்பளிக்கு அடியில், தகரத் தளத்தில். அந்தத் தளத்தில் நாலு ஓட்டைகள் உண்டு. ரப்பர் அடைப்பு போட்டிருக்கும். மழைக்கு முன் நாலையும் பிடுங்கிவிட வேண்டும், தசராவுக்குப் பிறகு திரும்பப் போட வேண்டும். பிடுங்கினால் தண்ணீர் கீழே ஓடிவிடும். விட்டால் தளம் தொட்டியாகிவிடும். இதை யாரும் ஆபிரகாமுக்குச் சொல்லித் தரவில்லை. முதல் வருஷ மழையில் கம்பளியைத் தூக்கிப் பார்த்து அவரே கண்டுபிடித்தது.

சேட் போன பிறகு கார் தனக்குத்தான் என்று ஆபிரகாம் மனதுக்குள் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. மனைவி ஈனிட்டிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் ஈனிட்டுக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

1979 பிப்ரவரியில் சேட் காலமானார். ஒரு வாரம் கழித்து வக்கீல் குமாஸ்தா சாவியைக் கொண்டுபோய் ஆர்தர் கையில் கொடுத்தான்.

ஆர்தர் கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒல்லி, கண்ணாடி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத ஆள். கண் தெரியாத சேட்டுக்குப் பேப்பர் வாசிக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது, "நம்ம மாப்ள இருக்காரு" என்று அழைத்துக்கொண்டு போனதே ஆபிரகாம்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. இரண்டு வருஷம் சாயங்காலம் போய்ப் பேப்பர் வாசித்தவனுக்குக் கார். பதினோரு வருஷம் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்கு முதுகுவலி.

"அவரு கொடுத்தா நான் என்ன செய்ய, மச்சான்?" என்று ஆர்தர் வந்து நின்றபோது அவன் முகத்தில் கூச்சம்தான் இருந்தது. "எனக்கு ஓட்டவே தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

சொல்லிக் கொடுத்தார். வேறென்ன செய்வது? ரேஸ்கோர்ஸ் பக்கம் காலி ரோட்டில் ஒரு மாதம். தன் கை வைத்துச் சீர்செய்த கியர்கள் இன்னொருவன் கையில் பல்லைக் கடித்துக் கத்துவதைப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு கத்தலுக்கும் அவர் பல்லும் கடிபட்டது.

லைசென்ஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் காம்பவுண்டில் பாஸ்டர் பானெட் மேல் கை வைத்து ஜெபம் செய்தார். "இந்த வாகனத்தையும் இதைப் பாதுகாக்கிற கைகளையும் ஆசீர்வதியும்" என்றார். எல்லாரும் ஆர்தரின் கையைப் பார்த்தார்கள். ஆபிரகாம் விரலிடுக்கில் இருந்த கிரீஸ் கறையோடு நின்று, சபைக்கு அரை வினாடி பிந்தி ஆமென் சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஒரே காட்சி. முன்னால் பச்சைக் கார், கூரை மடக்கி, மேவிஸ் தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப். பின்னால் ஆபிரகாமின் பழைய ஸ்கூட்டர், அதில் ஈனிட். தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று காரைப் பார்ப்பான். ஸ்கூட்டரை யாரும் பார்க்கமாட்டார்கள்.

"ஏன் அவங்க வாலப் பிடிச்சுக்கிட்டே போறீங்க? முந்திட்டுப் போங்க" என்பாள் ஈனிட்.

"சத்தத்தக் கேக்கேன். மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கல."

"உங்களுக்கு எது சரியா அடிக்கலன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்று ஈனிட் அவர் முதுகில் சிரிப்பாள். ஆபிரகாமுக்குச் சிரிப்பு வராது.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், பண்ட் கார்டன் பாலத்தின் மேல் கார் நின்றுவிட்டது. ஆர்தர் பக்கத்துக் கடை ஃபோனிலிருந்து பட்டறைக்குச் சொல்லி அனுப்ப, ஆபிரகாம் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தார். அதற்குள் கூட்டம். தொப்பி வைத்த கல்லூரிப் பையன்கள், பழவண்டிக்காரன், டாங்கா குதிரைவண்டிக்காரன் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபிரகாம் யாரையும் பார்க்காமல் பானெட்டைத் திறந்தார். கைக்குட்டையை நனைத்துப் பெட்ரோல் குழாயில் சுற்றினார். குழாய் ஆறட்டும் என்று ஒரு பீடி குடிக்கிற நேரம் நின்றார். அப்புறம் சாவியைத் திருப்பினார். உறுமிக்கொண்டு கிளம்பியது.

கூட்டம் கை தட்டியது. ஆர்தர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். "வா ஸாஹேப், கியா காடி ஹை!" என்று காரை மெச்சிப் பழவண்டிக்காரன் ஆர்தருக்குத்தான் சலாம் வைத்தான். வெயிலில் கொதிக்கிற பானெட்டில் சுட்ட உள்ளங்கையை ஊதிக்கொண்டே ஆபிரகாம் ஸ்கூட்டரை உதைத்தார். இவனுக்கு இது அடுக்காது, இந்தக் கார் இவனிடம் நிலைக்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகத் தெளிவாக நினைத்தார். நினைத்ததும் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

ஜூன் முதல் வாரம். வானம் பொருமிக்கொண்டிருந்தது. ஆர்தர் வீட்டில் நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்தர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்து வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், சேட் வீட்டுல வருஷா வருஷம் மழைக்கு முன்னால என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

ஆபிரகாம் சொன்னார். பெயின்டுக்கு மெழுகு போட வேண்டும். கித்தான் தையலில் மெழுகு தேய்க்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு தரம் இன்ஜினை ஓட விட வேண்டும். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பாயின்டைத் துடைக்க வேண்டும். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். சீட்டுத் தோலை வெந்நீர்த் துணியால் துடைத்துக் காய விட வேண்டும். மழை விட்ட நேரம் கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும். ஆர்தர் ஏழு எண் போட்டு முத்து முத்தாக எழுதினான்.

எட்டாவது, ரப்பர் அடைப்பு. அது ஆபிரகாமின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வேற ஏதாச்சும் உண்டா?" என்று ஆர்தர் எட்டு என்று எண்ணும் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

"அவ்வளவுதான்" என்றார் ஆபிரகாம்.

ஆர்தர் எட்டை அடித்துவிட்டு நோட்டை மூடினான். அப்போதுதான் மேவிஸ் உள்ளேயிருந்து துணிப்பைகளைக் கொண்டுவந்தாள். பழைய தலையணை உறையில் தைத்த சின்னச் சின்னப் பைகள், ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு படி கல்லுப்பு.

இந்த உப்பின் கதையைச் சொல்ல வேண்டும். ஆபிரகாம் குடும்பத்துக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். அப்பா காலத்திலேயே பூனாவுக்கு வந்து கண்டோன்மெண்டில் ஊன்றிவிட்டார்கள். ஆனாலும் ஊரிலிருந்து யார் ரயிலேறினாலும் ஒரு சாக்கு உப்பு கொண்டுவர வேண்டும். மீன் குழம்புக்கு வேறு உப்பு போட்டால் மேவிஸுக்கு இறங்காது. மழைக்காலத்தில் அந்தக் கல்லுப்பையே பையில் கட்டித் துணி பீரோவில் ஒரு மூலை, ஆர்மோனியப் பெட்டிக்குள் ஒரு மூலை என்று வைப்பாள். ஈரத்தை உப்பு குடித்துக்கொள்ளும், பொருள் கெடாது என்பது அந்தக் குடும்பத்துப் பெண்களின் பழக்கம். பீரோ மரம், ஆர்மோனியப் பெட்டியும் மரம். கார் தகரம். மேவிஸுக்கு அந்த வித்தியாசம் தோன்றவில்லை.

"அண்ணே, மழ வரப்போவுது. காருக்குள்ள ஈரம் ஏறும்னு இவுக ராத்திரியெல்லாம் புலம்புதாக. சீட்டுக்குக் கீழயும் கால் வைக்கிற இடத்துலயும் இதப் போட்டு வச்சா ஈரத்த இழுத்துரும்லா?"

"இழுக்கும்" என்றார் ஆபிரகாம்.

இழுக்கத்தானே செய்யும்? இழுத்த ஈரம் உப்புத் தண்ணீராக ஒழுகும். ஒழுகினது அடைப்புப் பிடுங்காத தகரத்தில் தேங்கி நிற்கும். உப்புத் தண்ணீர் தகரத்தை என்ன செய்யும் என்று அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பொய் சொன்னேனா என்று அவர் பிற்பாடு தன்னைத்தானே பலமுறை கேட்டு, இல்லை என்று பலமுறை பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஈனிட்தான் கப்பைக் கீழே வைத்தாள். "ஏங்க, உப்பு தகரத்தத் திங்காதா? நம்ம வீட்டு டின்னுல உப்பப் போட்டு வச்சு, அடி அப்படியே கழண்டு வந்துச்சே."

"அது மண்ணெண்ணெய் டின்னு. இது இங்கிலீஷ் காரு. ரெண்டும் ஒண்ணாக்கும்? நீ டீயக் குடி."

"மச்சானுக்குத் தெரியாததா, மதினிக்குத் தெரிஞ்சுரப் போவுது?" என்று ஆர்தர் சிரித்தான். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பிச் சொன்னான். ஈனிட் சிரிக்கவில்லை. புருஷன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கப்பை எடுத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் ஜூலை முழுக்க வெயில் என்பதே மறந்துபோனது. ஆர்தர் வீட்டுக்குக் காரேஜ் கிடையாது. பக்கச் சுவரை ஒட்டி இறக்கின தகரச் சாய்ப்பின் கீழ், தார்ப்பாய் போர்த்திக் கார் நின்றது. ஏழு எண்ணையும் ஆர்தர் பைபிள் வாசிப்பதுபோலத் தினமும் வாசித்து அப்படியே செய்தான். மெழுகு தேய்த்தான், பாயின்டைத் துடைத்தான், பாட்டரியைப் பிள்ளையைப்போல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் குடை பிடித்து நடந்து வந்து ஆபிரகாமிடம் கணக்கு ஒப்புவிப்பான்.

"உப்பு ஜோரா வேலை செய்யுது, மச்சான். பையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு. எம்புட்டு ஈரத்தக் குடிச்சிருக்கு பாருங்க! மேவிஸ் வாரத்துக்கு ஒரு தரம் பையில உப்ப மாத்துதா."

"நல்லது" என்பார் ஆபிரகாம். அன்றைக்குப் பகல் சாப்பாடு அவருக்கு இறங்காது. காருக்காக நெஞ்சு அடித்துக்கொள்ளும். பதினோரு வருஷம் தடவிக் கொடுத்த தகரம் அது. அதன் ஒவ்வொரு ஆணியும் அவர் கைக்குத் தெரியும். சொல்லிவிடலாம், இன்றைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று சட்டையை மாட்டுவார். உடனே பாலத்தில் சலாம் வாங்கின ஆர்தரின் முகம் வந்து நிற்கும். சட்டையைக் கழற்றிவிடுவார். தனக்குக் கிடைக்காதது ஒழிந்துதான் போகட்டுமே என்று இருக்கும்.

ஆகஸ்ட் நடுவில் ஆர்தரும் மேவிஸும் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் பம்பாய் போனார்கள். இன்ஜினை ஓடவிடச் சொல்லிச் சாவியை ஆபிரகாமிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் பட்டறையிலிருந்து நேரே போனார். தார்ப்பாயை விலக்கிக் கதவைத் திறந்தார். பூஞ்சை வாடையோடு கடற்கரை வாடையும் அடித்தது.

டிரைவர் பக்கக் கம்பளியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். கம்பளி தண்ணீர் குடித்துக் கனத்தது. அடியில் காவி நிறத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலை விட்டுத் தளத்தைச் சுரண்டினார். பொருக்குப் பொருக்காக வந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

அந்த இடத்தில் ஆபிரகாமுக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் அழவும் செய்தார். ஆனாலும் பட்டறை மூளை கணக்குப் போட்டுவிட்டது. இன்னும் காலம் போய்விடவில்லை. நாலு அடைப்பையும் பிடுங்கிவிட்டு, பத்து வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காய வைத்து, சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்தால் இன்னும் பத்து வருஷம் நிற்கும். இன்றைக்கே ஆரம்பிக்கலாம். அடைப்பை நெம்ப ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். டாஷ்போர்டில் சாமான் வைக்கிற சின்ன அறையைத் திறந்து துழாவினார்.

ஸ்க்ரூடிரைவர் இல்லை. காரின் காகிதங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அவற்றுக்கு நடுவில் மடித்துச் செருகின ஒரு கடிதம். சேட் சொல்லச் சொல்ல வக்கீல் இங்கிலீஷில் டைப் அடித்தது, கீழே சேட்டின் கோணல் கையெழுத்து. ஆர்தருக்கு எழுதினது. ஆபிரகாம் படித்தார்.

ஏன் உனக்குக் கொடுக்கிறேன் என்று நீ கேட்பாய், என்று எழுதியிருந்தார் சேட். ஆபிரகாம் பதினோரு வருஷமாக என் வீட்டுக்கு வருகிறான். அவன் வந்ததெல்லாம் காரைப் பார்க்க. நீ ஒருவன்தான் என்னைப் பார்க்க வந்தாய்.

அவ்வளவுதான் கடிதம். ஆபிரகாம் இரண்டு தரம் படித்தார். நினைத்துப் பார்த்தார். சனிக்கிழமை தோறும் பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டுக் கிழவர் உட்கார்ந்திருப்பார். "கேம் சோ, ஆபிரகாம்?" என்பார். இவர் காருக்கு அடியிலிருந்தே "குட், சேட்" என்பார். திருப்பி ஒரு நாளாவது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டோமா? கேட்ட ஞாபகம் இல்லை.

உண்மை சுட்டால் மனுஷன் திருந்துவான் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். ஆபிரகாமுக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்படியென்றால் இது ஆர்தருக்குத் தெரியும். பிப்ரவரியிலிருந்தே தெரியும். இந்தக் கடிதத்தைக் காருக்குள் வைத்துக்கொண்டேதான் என்னிடம் மச்சான் மச்சான் என்று கியர் படித்தான். நான் இரண்டாம்பட்சம் என்று ஒரு செத்த மனுஷன் எழுதிக் கொடுத்ததைச் சர்ட்டிபிகேட் மாதிரி வைத்திருக்கிறான். கார் மட்டும் போனால் பரவாயில்லை, இப்போது நல்லவன் என்ற பெயரும் அவனுக்கே போய்விட்டது.

கடிதத்தை உறைக்குள் வைத்தார். கம்பளியைப் பழையபடி விரித்தார். உப்புப் பைகளை இருந்த இடத்திலேயே வைத்தார். பாட்டரியை மாட்டி இன்ஜினைச் சொன்னபடி பத்து நிமிஷம் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு ஆபிரகாமுக்கும் ஈனிட்டுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம். சபையில் முன்னால் போய் முழங்காலிட்டு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள். ஆபிரகாம் புது சூட். ஈனிட் வெள்ளிச் சரிகைப் புடவை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், காம்பவுண்டு மரத்தடியில் பச்சைக் கார் பளபளவென்று நின்றது. மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஆர்தர் அதை ரோட்டில் இறக்கியிருந்தான். பானெட்டில் ரிப்பன் கட்டியிருந்தது.

சபையே சுற்றி நின்றது. ஆர்தர் சாவியை எடுத்து ஆபிரகாமின் கையில் வைத்து, விரல்களை மடக்கினான்.

"மச்சான், இது உங்க காரு. எனக்கு எதுக்கு இது? சேட்டு என்னமோ எழுதிட்டாரு, அதப் படிச்சதும் எனக்குக் கஷ்டமாப் போச்சு. அத உங்க கண்ணுல காட்டக்கூடாதுன்னு மறைச்சு வச்சேன். வெள்ளி விழாவுக்கு உங்ககிட்டயே கொடுத்துரணும்னு நானும் மேவிஸும் பிப்ரவரியிலேயே முடிவு பண்ணிட்டோம்."

"அதுக்குத்தான் அண்ணே மழையெல்லாம் அப்படிப் பொத்திப் பொத்தி வச்சோம்" என்றாள் மேவிஸ். கண் கலங்கியிருந்தது. "உங்க கைக்கு வர்ற வரைக்கும் கெட்டுறக்கூடாதுல்லா?"

கை தட்டல் கேட்டது. யாரோ அல்லேலூயா என்றார்கள். ஆபிரகாமுக்குக் காது அடைத்தது. உள்ளங்கையில் சாவி. பதினோரு வருஷமாக மனசுக்குள் ஆசைப்பட்ட சாவி. இத்தனை நாளும் யாருடைய காரை அரிக்கவிட்டேன்? என்னுடையதை. தரையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், காலடிக் கம்பளியை நினைத்தார்.

"ஓட்டிக் காட்டுங்க, அங்கிள்!" என்றார்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள். "ஆன்ட்டிய உக்கார வச்சு ஒரு ரவுண்டு!"

"இப்ப வேண்டாம்" என்றார். "சூட் அழுக்காகும்" என்றார். யார் விட்டார்கள்? தோளைப் பிடித்துத் தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள். ஈனிட் மறுபக்கக் கதவருகே நின்றாள். ஆர்தர் ஒல்லி, கோயில்வரை ஓட்டி வந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபிரகாம் எடைக்கு இரண்டு ஆர்தர். குதிகாலைப் பூப்போல வைத்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. கிளட்சை மிதித்தார்.

கரகரவென்று ஒரு சத்தம். வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. இடது கால் கணுக்கால் வரைக்கும் நைந்த கம்பளியையும் தளத்தையும் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, ஷூ மண்ணில் பட்டது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். ஆர்தர் சிரிக்கவில்லை. வெள்ளைப் பேன்டோடு செம்மண்ணில் மண்டியிட்டு, கதவு வழியாகக் குனிந்து, கம்பளியின் ஓரத்தைப் புரட்டினான். தளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது. நனைந்து சுருங்கின உப்புப் பை ஒன்று அவன் கையில் வந்தது. அதைப் பார்த்தான். உதிர்ந்த தகரத்தைப் பார்த்தான். கணக்கு வாத்தியார், கூட்டிப் பார்க்க நேரமாகவில்லை.

"உப்பு" என்றான். "மச்சான், உப்புதான் தின்னிருக்கு. மதினி அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் சிரிச்சேன்."

"ஐயோ அண்ணே, நான்லா வச்சேன்!" மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "வாரம் வாரம் மாத்தி மாத்தி வச்சேனே!"

ஆர்தர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே ஆபிரகாமின் கையைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. "உங்க வெள்ளி விழாவுக்கு ஓட்டைக் காரக் கொடுத்துட்டேனே. பதினோரு வருஷம் நீங்க கண்ணு மாதிரி வச்சிருந்தத, நான் ஒரு மழைக்குள்ள கெடுத்துட்டேன். என்னை மன்னிக்கணும், மச்சான்."

பாஸ்டர்கூடக் காத்துக்கொண்டு நின்றார். மறுபக்கக் கதவருகே ஈனிட் நின்றாள். அவள் காரையும் பார்க்கவில்லை, ஆர்தரையும் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்; டீக் கப்பைக் கீழே வைத்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

ஆபிரகாமுக்கு நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். எனக்குத் தெரியும் மாப்ள, அன்றைக்கே தெரியும் என்றால் போதும். வாயைத் திறந்தார்.

"பரவால்ல, மாப்ள" என்றார். "தெரியாமத்தானே செஞ்சீங்க. நான் மன்னிச்சிட்டேன்."

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர். "எவ்வளவு பெரிய மனசு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஆர்தரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். பாரம் இறங்கின முகம் அது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஆபிரகாமுக்கு வயிறு எரிந்தது. சேட் கொடுத்தது, கூட்டம் வைத்த சலாம், தங்கையின் பக்கத்துச் சீட்டு, நல்லவன் என்ற பெயர் எல்லாம் போதாதென்று, இப்போது மன்னிப்பும் அவனுக்கே கிடைத்துவிட்டது. அதையும் தானே எடுத்துக் கொடுத்தாயிற்று. இனி இவன் நிம்மதியாகத் தூங்குவான்.

"ஈனிட், ஏறு" என்றார். "பிள்ளைங்க வீடு வரைக்கும் தள்ளிருவாங்க."

ஈனிட் திறந்து வைத்திருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அழுதுகொண்டிருந்த மேவிஸின் தோளில் கை போட்டாள்.

"வா மேவிஸ், அழாத. உம்மேல ஒரு தப்பும் கெடையாது" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "நான் உன்கூட நடந்து வாரேன்."

இரண்டு பேரும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். ஈனிட் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபிரகாம் இறங்கிப் பின்னாலேயே ஓடியிருப்பார். ஆனால் கால் இன்னும் அந்த ஓட்டைக்குள்தான் இருந்தது. வெளியே இழுத்தால் தகரம் கிழிக்கும் என்று சொல்லி, ஆர்தர் மண்ணில் படுத்துக்கொண்டு, அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.